திஜ்லாவில் கரைந்த மையும் வெண்ணிற நூல்களும்

கனடா நாட்டின் விண்ட்சர் நகரக் கலைக்கூடத்தில் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நூலகம் அமைக்கப்பட்டது. வெண்ணிறம் பூசிய அலமாரிகள். அவற்றில் வரிசையாக ஆயிரம் நூல்கள். எல்லாம் வெள்ளை. அட்டையில் பெயரில்லை, உள்ளே ஓர் எழுத்துமில்லை. ஓவியம் தீட்டிச் சட்டத்துள் மாட்டாமல், ஓர் இடத்தையே கலைப்பொருளாக அமைத்துக் காண்போரை அதனுள் நடமாட விடுவது இக்காலக் கலைஞர் கையாளும் ஒரு முறை. இதனை அமைத்தவர் வஃபா பிலால். இராக்கின் நஜஃப் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர்.

அமைப்புக்கு அவர் சூட்டிய பெயர் வெறும் எண்: 168:01. ஏழு நாள்களுக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். ஹிஜ்ரி 656இல் (கி.பி. 1258) ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதை அழித்தபோது நூல்களைத் திஜ்லா நதியில் எறிந்தது என்றும், ஏழு நாள்கள் நதிநீர் மையால் கறுத்து ஓடியது என்றும் வழங்கும் செய்தியை மதரஸாவில் ஓதிய எவரும் தம் உஸ்தாதுமார் வாயிலாகக் கேட்டிருப்பர். அவ்வேழு நாளும் கழிந்த பின் வரும் முதற் கணமே அந்த ‘01’.

இது பழங்கதைக்குச் செய்த அலங்காரம் மட்டுமன்று. 2003ஆம் ஆண்டுப் போரில் பக்தாத் பல்கலைக்கழக நுண்கலைக் கல்லூரியின் நூலகம் கொள்ளையிடப்பட்டு எரியுண்டது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் அழிந்தன. அக்கல்லூரி மாணவரும் ஆசிரியரும் தங்களுக்கு வேண்டிய நூல்களைப் பட்டியலிட்டுத் தந்தனர். கலைக்கூடத்துக்கு வருவோர் பொருளுதவி செய்தால் அப்பட்டியலிலுள்ள ஒரு நூல் வாங்கப்பட்டு, ஒரு வெள்ளை நூல் இருந்த இடத்தில் வைக்கப்படும். எழுத்தற்ற வெள்ளை நூலை உதவியவர் கொண்டு செல்லலாம். நாள் செல்லச் செல்ல வெண்மை குறைந்து வண்ணம் ஏறும். சேர்ந்த நூல்கள் பக்தாதுக்குப் போய்ச் சேரும். காட்சிப்பொருள் கரைந்து போவதே அதன் வெற்றி என அமைத்திருப்பது நம் மனத்துக்கு மிகவும் உகந்ததாக இருக்கிறது.

கலைஞர் தமக்குக் கிட்டிய மரபுச் செய்தியைப் பயன்படுத்துவது முறைதான். வரலாறு ஓதுவோர் அதனைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். நதியில் நூல்கள் எறியப்பட்டதை அந்நிகழ்ச்சிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த இப்னு கல்தூன் எழுதியுள்ளார். பக்தாதின் நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகத் தொகுத்த பழைய நூலொன்றோ வேறொரு காட்சியைக் காட்டுகிறது. ஹில்லா, கூஃபா முதலிய ஊரார் பட்டினியால் வாடிய பக்தாதுக்கு உணவுப் பொருள்களைக் கொண்டு வந்து, அவற்றுக்கு மாற்றாக விலைமதிப்பற்ற கிதாபுகளை அள்ளிச் சென்றனராம். நதி கறுத்தது என்பதினும் இது நம்மை அதிகம் கலங்க வைக்கிறது. பசித்தவன் கையிலுள்ள கிதாபுக்குக் கோதுமையே விலை! எனினும், அவ்வாறு சென்றவை அழியாமல் வேறிடத்தில் பிழைத்திருக்கவும் கூடுமன்றோ?

பிழைத்தவை உண்டு என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே சான்று. இப்னுல் ஃபுவத்தீ என்பார் ஹிஜ்ரி 642இல் பக்தாதிற் பிறந்தவர். நகரம் வீழ்ந்தபோது பதினான்கு வயதுச் சிறுவர், படையினரால் சிறைப்பிடிக்கப்பட்டார். பின்னர் வானநூல் மேதை நஸீருத்தீன் தூஸியை அடைந்து, மராகா நகரில் தூஸி நிறுவிய வானாய்வுக் கூடத்தின் நூலகத்தைப் பேணும் பொறுப்பில் அமர்ந்தார். பக்தாதிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் தூஸி மீட்டுச் சேர்த்த நூல்கள் அங்கே இருந்தன. பல்லாண்டுகளுக்குப் பின் இப்னுல் ஃபுவத்தீ பக்தாதுக்குத் திரும்பினார். ஹிஜ்ரி 631இல் கலீபா முஸ்தன்ஸிர் திறந்து வைத்த முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவின் நூலகப் பொறுப்பு அவரிடம் வந்தது. நூலே எஞ்சவில்லை என்று நாம் பாடம் சொல்லும் அதே நகரில், சிறைப்பட்ட அச்சிறுவர் பின்னாளில் நூல்களைப் பேணும் பணியில் இருந்திருக்கிறார்! அறிஞர் வரலாறுகளைத் தொகுத்து அவர் எழுதிய பெருநூலின் ஒரு பகுதி இன்றும் கிடைக்கிறது. ஹிஜ்ரி 723இல் அவர் காலமானார்.

2003லும் இத்தகையோர் இருந்தனர். பஸ்ரா நகர மத்திய நூலகத்தின் தலைவி ஆலியா முஹம்மது பாக்கிர், நூலகம் தீக்கிரையாகுமுன் அண்டையிலிருந்தோர் துணையுடன் சுமார் 30,000 நூல்களை மதிலுக்கு அப்பால் கடத்திக் காத்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது அவ்வாறு காக்க இயலவில்லை. தமிழுக்கு நேர்ந்த அப்புண் இன்னும் ஆறவில்லை.

நூல் அழிய மங்கோலியர் வரவேண்டும் என்பதில்லை. நம் ஆழ்வார்குறிச்சிக்கு வடக்கே சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ள கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடி வந்தார் டாக்டர் உ.வே. சாமிநாதையர். அக்கோயிலிலிருந்த பழைய ஏடுகள் ஆகம விதி என்ற பெயரால் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன எனக் கேட்டு அவர் துடித்ததைத் தம் எழுத்தில் பதிந்துள்ளார். பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கமும் இருந்தது. பகைவர் செய்யவில்லை, பக்தியுடையோரே செய்தனர்.

நம்மவரும் விலக்கல்லர். சிதைந்த முஸ்ஹபை மரியாதையாக மண்ணில் அடக்குவதும், ஆழ்ந்த நீரில் விடுவதும் நம்மிடையே உள்ள முறை. திருவேதத்துக்குரிய அந்தக் கண்ணியத்தோடு, பிரித்துப் பாராமலே எத்தனை அரபுத்தமிழ்க் கிதாபுகள் சேர்ந்து போயினவோ! கடனாநதிக் கரையிலும் பொட்டல்புதூர்ப் பக்கத்திலும், பொருநை கடலோடு கலக்கும் காயல் வட்டாரம் வரையிலும், வீட்டுப் பரண்களில் இருந்தவை அவை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்தமைத்து, மார்க்கச் சட்டமும் மருத்துவமும் பைத்தும் எழுதி வைத்தனர் முன்னோர். தமிழெழுத்து அறியாத நம் பாட்டிமார் அவற்றைச் சரளமாக ஓதினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) யாத்த ‘பத்ஹுத் தய்யான்’ போன்றவை அச்சேறியதால் தப்பின. ஒரே பிரதியாகக் கையெழுத்தில் இருந்தவற்றுக்கு அந்த நற்பேறு இல்லை.

இன்று அக்கிதாபு ஒன்றை வீட்டிலுள்ள இளைஞர் கையில் கொடுத்தால், எழுத்தை அரபியென்று ஓதத் தொடங்கிச் சொல் பிடிபடாமல் விழிப்பார். தமிழ் அறிவார், ஆயினும் அது தமிழென்று தெரியாது. விண்ட்சர் அலமாரியின் நூலைப் போலவே அதுவும் அவருக்கு வெள்ளைத் தாள்தான். ஆனால் இங்கே எழுத்து அழியவில்லை. எழுத்து வேறுபாட்டை அரைமணி நேரம் உடனிருந்து சொல்லிக் கொடுத்தால் முதற் பக்கத்தை அவரே ஓதிவிடுவார். சொல்லிக் கொடுக்க வல்ல முதியோர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள்.