ஒருங்கியங்கு குற்றவியல் நீதி முறைமை

ஒருங்கியங்கு குற்றவியல் நீதி முறைமை என்பது இந்தியாவில் காவல்துறை, தடய அறிவியல் ஆய்வகம், குற்ற வழக்கு தொடர்வுத் துறை, நீதிமன்றம், சிறைத்துறை ஆகிய ஐந்தும் தனித்தனியே பயன்படுத்தும் கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று தகவல் பரிமாறச் செய்யும் திட்டம் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது ஐ.சி.ஜே.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் மின்குழு முன்வைத்த கருத்துருவின் அடிப்படையில் உருவான இத்திட்டத்தை, ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம், தேசியத் தகவலியல் மையத்துடன் இணைந்து செயற்படுத்துகிறது.

பின்னணி

ஒருவர் மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகும் நாளிலிருந்து அவர் விடுதலை பெறும் நாள் வரை, அவரைப் பற்றிய குறிப்புகள் பல அலுவலகங்களில் எழுதப்படுகின்றன. காவல் நிலையம் அவருக்கு ஒரு குற்ற எண் இடுகிறது. நீதிமன்றம் ஒரு வழக்கு எண்ணும், சிறை ஒரு கைதி எண்ணும், தடய அறிவியல் ஆய்வகம் ஓர் ஆய்வு எண்ணும் இடுகின்றன. காகிதப் பதிவேடுகளின் காலத்தில் இவ்வெண்களைத் தொடர்புபடுத்தியவர்கள் நீதிமன்றத்திற்கும் சிறைக்கும் இடையே ஆணைகளைச் சுமந்து சென்ற ஊழியர்களும் காவலர்களுமே. கணினிமயமாக்கல் தொடங்கியபோது ஒவ்வொரு துறையும் தனக்குரிய பதிவேட்டை மட்டும் கணினியில் ஏற்றியது. எனவே பழைய இடைவெளிகள் புதிய தரவுத்தளங்களுக்கு இடையிலும் நீடித்தன.

இவ்விணைப்பின் முதன்மைத் தடை தொழில்நுட்பம் சார்ந்தது அன்று. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி காவல்துறையும் சிறைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. குற்றவியல் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் பொதுப் பட்டியலில் உள்ளன. மாவட்ட நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. நீதித்துறை தன் ஆவணங்களின் மீதான கட்டுப்பாட்டை நிருவாகத் துறையிடம் ஒப்படைக்க இயலாது. ஆகவே ஒரு மாநிலத்திற்குள் இந்த ஐந்து அமைப்புகளுக்கும் பொதுவாக ஆணையிடும் ஒரே அதிகாரி எவரும் இல்லை. அனைத்தையும் ஒரே தரவுத்தளமாக்குவதை விட, தனித்தனி அமைப்புகளை ஒத்திசைவோடு இயங்கச் செய்வதே பொருத்தமான வழியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்து தூண்கள்

இத்திட்டத்தில் இணையும் அமைப்புகள் 'தூண்கள்' எனப்படுகின்றன. அவை:

- காவல்துறை: குற்றம் மற்றும் குற்றவாளிகள் தடங்காணல் வலைப்பின்னல். இது சி.சி.டி.என்.எஸ். எனப்படுகிறது. முதல் தகவல் அறிக்கை, கைது, குற்றப்பத்திரிகை ஆகியன இதில் பதியப்படுகின்றன.
- தடய அறிவியல்: மின்-தடயவியல். ஆய்வுக்கு அனுப்பப்பட்ட பொருட்களும் ஆய்வறிக்கைகளும்.
- வழக்கு தொடர்வு: மின்-வழக்கு தொடர்வு. அரசு வழக்கறிஞரின் கருத்துரைகளும் வழக்கின் நிலையும்.
- நீதிமன்றம்: மின்-நீதிமன்றங்கள். வழக்குப் பதிவு, விசாரணை நாட்கள், ஆணைகள், தீர்ப்புகள்.
- சிறை: மின்-சிறைகள். கைதியின் வருகை, காவல் நீட்டிப்பு, விடுதலை.

இவற்றோடு தேசிய தானியங்கி விரல்ரேகை அடையாள முறைமை என்னும் நாஃபிஸ் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. 2022 ஆகத்து மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்ட இது, கைதாகும் ஒவ்வொருவருக்கும் 10 இலக்க எண் ஒன்றை வழங்குகிறது. அவ்வெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்.

வரலாறு

2004-05 காலப்பகுதியில் பொதுக் காவல் மென்பொருள் என்னும் சிபா திட்டம் காவல் நிலையங்களில் நிறுவப்பட்டது. இது பெரும்பாலும் தனித்தனிக் கணினிகளிலேயே இயங்கியதால், ஒரு நிலையத்தின் பதிவை மற்றொரு நிலையம் காண இயலவில்லை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பின்னர் காவல் நிலையங்களை இணைக்க வேண்டியதன் தேவை வலியுறுத்தப்பட்டது. 2009 ஆம் ஆண்டு சூனில் ரூ. 2,000 கோடி மதிப்பீட்டில் சி.சி.டி.என்.எஸ். திட்டத்திற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. இன்று 17 ஆயிரத்திற்கும் மேற்பட்ட காவல் நிலையங்கள் இதன்கீழ் உள்ளன. நீதிமன்றங்களில் மின்-நீதிமன்றத் திட்டத்தின் முதற்கட்டம் 2007 இலும், இரண்டாம் கட்டம் 2015 இலும், மூன்றாம் கட்டம் 2023 இலும் தொடங்கின.

ஒருங்கியங்கு முறைமையின் முதற்கட்டத்தில் ஒவ்வொரு தூணின் அமைப்பும் நிலைப்படுத்தப்பட்டு, பதிவுகளைத் தேடும் வசதி ஏற்படுத்தப்பட்டது. 2022 பெப்ரவரியில் இரண்டாம் கட்டத்திற்கு ரூ. 3,375 கோடி மதிப்பீட்டில், 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்திற்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. 'ஒரு தரவு, ஒரு பதிவு' என்பது இக்கட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு. ஒரு தூணில் ஒருமுறை பதியப்பட்ட தகவல், மீண்டும் தட்டச்சு செய்யப்படாமலே ஏனைய தூண்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவ்விணைப்பின் தேவையை மேலும் கூட்டியது. மின்னணு வழியில் தகவல் அளித்து, 3 நாட்களுக்குள் கையொப்பமிட்டால் அது பதிவு செய்யப்பட வேண்டும் எனப் பிரிவு 173 கூறுகிறது. சோதனை, கைப்பற்றல் ஆகியவற்றை ஒலி-ஒளிப் பதிவு செய்வதைப் பிரிவு 105 கட்டாயமாக்குகிறது. 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடம் செல்வதைப் பிரிவு 176 வரையறுக்கிறது. இதனால் தூண்களுக்கிடையே செல்ல வேண்டிய ஆவணங்களின் அளவு பெருகியது.

செயற்படும் முறை

இரண்டு தரவுத்தளங்கள் ஒரே வழக்கைப் பற்றிப் பேசுகின்றன என்பதைக் கணினி அறிய, இரண்டிற்கும் பொதுவான திறவுகோல் ஒன்று தேவை. பெயர் இதற்குப் போதாது. ஒரே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலவாறாக எழுதலாம். தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் வரலாம். எனவே மாநிலம், மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றின் தொகுப்பே காவல்துறையையும் நீதிமன்றத்தையும் இணைக்கும் திறவுகோலாகிறது. நீதிமன்றம் வழக்கைப் பதிவு செய்ததும் 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். எண் உருவாகிறது. இதில் முதல் 2 குறிகள் மாநிலத்தையும், அடுத்த 2 மாவட்டத்தையும், அடுத்த 2 நீதிமன்ற வளாகத்தையும் குறிக்கும். பின்னர் 6 இலக்க வரிசை எண்ணும் 4 இலக்க ஆண்டும் வரும்.

இத்திறவுகோல் சரியாகப் பொருந்த, காவல் நிலையங்களின் குறியீட்டுப் பட்டியல் எல்லா அமைப்புகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரு மாவட்டம் பிரிக்கப்படும்போதோ, ஒரு காவல் நிலையத்தின் எல்லை மாற்றப்படும்போதோ, ஓர் அமைப்பில் மட்டும் பட்டியல் திருத்தப்பட்டால் இணைப்பு அறுந்துவிடும்.

தகவல் பரிமாற்றம் இரு வகைப்படும். ஒரு துறை மற்றொன்றின் பதிவைத் தேடிப் பெறுவது முதல் வகை. ஒரு நிகழ்வு நடந்தவுடன் அத்தகவல் உரிய துறைக்குத் தானாகவே அனுப்பப்படுவது இரண்டாம் வகை. கைதியின் விடுதலை போன்ற காலக்கெடு உள்ள செயல்களுக்கு இரண்டாம் வகையே ஏற்றது. ஏனெனில் தனக்கு ஓர் ஆணை பிறந்துள்ளது என்பதை அறியாத அலுவலகம் அதனைத் தேடவும் செய்யாது.

பிணை ஆணையும் விடுதலையும்

இவ்விணைப்பின் பயனையும் குறைபாட்டையும் பிணை ஆணைகளில் தெளிவாகக் காணலாம். 2021 சூலை 8 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆக்ரா மத்திய சிறையில் இருந்த 13 பேருக்கு இடைக்காலப் பிணை வழங்கியது. ஆணை வந்து சேரவில்லை என்பதால் அவர்கள் உடனே விடுவிக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் இதனைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இதன் விளைவாக, சான்றுறுதி செய்யப்பட்ட ஆணைகளைப் பாதுகாப்பான மின்னணு வழியில் சிறைகளுக்கு அனுப்பும் 'பாஸ்டர்' என்னும் அமைப்பு 2022 மார்ச் 31 அன்று தொடங்கப்பட்டது.

குசராத்தில் தண்டனை பெற்ற ஒருவருக்கு உயர் நீதிமன்றம் 2020 இல் தண்டனையை நிறுத்தி வைத்துப் பிணை வழங்கியது. ஆணை மின்னஞ்சலில் சிறைக்குச் சென்றது. ஆனால் அதன் இணைப்பைத் திறக்க இயலவில்லை எனச் சிறை அதிகாரிகள் கூறினர். அவர் சுமார் 3 ஆண்டுகள் கூடுதலாகச் சிறையில் இருந்தார். 2023 செப்டம்பரில் அவருக்கு ரூ. 1 இலட்சம் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மின்னஞ்சல் அனுப்புதல் மட்டும் ஒருங்கிணைப்பு ஆகாது என்பதற்கு இது சான்றாகும். ஆணை பெறப்பட்டதா, படிக்கப்பட்டதா, நிறைவேற்றப்பட்டதா என்ற மறுமொழி அனுப்பியவருக்குத் திரும்பி வரும் ஏற்பாடு அதில் இல்லை.

2023 சனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த நெறிமுறைகள் இக்குறையை நிறைக்க முயல்கின்றன. அவற்றின்படி:

- பிணை ஆணையின் மென்படி அதே நாளிலோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு அனுப்பப்பட வேண்டும்.
- பிணை வழங்கப்பட்ட நாள் மின்-சிறை மென்பொருளில் பதியப்பட வேண்டும்.
- 7 நாட்களுக்குள் கைதி விடுவிக்கப்படவில்லை எனில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆணை சென்று சேர்ந்தாலும் தடங்கல் நேரலாம். 2025 இல் காசியாபாத் சிறையில் இருந்த ஒருவர், பிணை ஆணையில் சட்டப் பிரிவின் ஓர் உட்கூறு விடுபட்டிருந்தது என்னும் காரணத்தால் ஏறத்தாழ நான்கு வாரங்கள் விடுவிக்கப்படவில்லை. அவருக்கு ரூ. 5 இலட்சம் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு உத்தரப் பிரதேச அரசுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வழக்கின் சட்டப் பிரிவுகள் ஒருமுறை மட்டும் பதியப்பட்டு எல்லாத் தூண்களுக்கும் கிடைக்குமானால், இத்தகைய விடுபடல் நேரும் வாய்ப்பு குறையும்.

விசாரணைக் கைதிகளின் தகுதிக்காலம்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். மேற்கண்ட சன்ஹிதாவின் பிரிவு 479, குற்றத்திற்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் பாதியைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதி பிணைக்கு உரியவர் என்கிறது. முன்னர் தண்டனை பெறாத முதல்முறைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலமே போதும். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருப்பவரும் இதன்கீழ் விடுவிக்கப்படமாட்டார். தகுதி பெற்றவருக்காக நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும் கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. 2024 சூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இப்பிரிவு பொருந்தும் என்பதை 2024 ஆகத்து 23 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இத்தகுதியைக் கணக்கிடத் தேவையான தகவல்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. கழித்த நாட்கள் சிறையிடமும், இறுதியாக வனையப்பட்ட குற்றச்சாட்டு நீதிமன்றத்திடமும், பிற மாவட்டங்களில் நிலுவையில் உள்ள வழக்குகள் காவல்துறையிடமும், முந்தைய தண்டனைகள் வேறொரு நீதிமன்றத்திடமும் உள்ளன. நீதிமன்றம் கடுமையான பிரிவை நீக்கிய பின்னரும் சிறைப் பதிவில் பழைய பிரிவே இருக்குமானால், தகுதி நாள் பின்னுக்குத் தள்ளப்படும்.

தரவுப் பிழைகள்

இணைப்பு சரியான தகவலை மட்டுமன்றிப் பிழையான தகவலையும் விரைவாகப் பரப்பும். ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் இத்தகைய இரு வழக்குகளை ஆராய்ந்துள்ளது. அரிசோனா எதிர் எவன்சு வழக்கில் (1995), 17 நாட்களுக்கு முன்பே விலக்கப்பட்ட பிடியாணை கணினியில் நீங்காமல் இருந்ததால் ஒருவர் கைது செய்யப்பட்டார். எர்ரிங் எதிர் ஐக்கிய அமெரிக்கா வழக்கில் (2009), அலபாமாவின் ஒரு கவுண்டியில் 5 மாதங்களுக்கு முன் திரும்பப் பெறப்பட்ட பிடியாணை தரவுத்தளத்தில் நிலைத்திருந்ததால், பக்கத்துக் கவுண்டியில் ஒருவர் கைதானார். இரு வழக்குகளிலும் கைதின்போது கிடைத்த சான்றுகளை நீதிமன்றம் விலக்கவில்லை. பதிவைப் புதுப்பிக்கத் தவறிய அலுவலகம் ஒன்று, அதன் விளைவைச் சந்தித்தவர் வேறொருவர் என்பது இவ்வழக்குகளின் பொதுத்தன்மை.

தனியுரிமை

தனியுரிமை அடிப்படை உரிமை என 2017 இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. எனினும் 2023 ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றத் தடுப்பு, புலனாய்வு ஆகியவற்றிற்கான தரவுச் செயலாக்கத்திற்குப் பல கடமைகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. 2022 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளங்காணல்) சட்டப்படி, விரல்ரேகை முதலிய அளவீடுகள் 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கப்படும். முன்னர் தண்டனை பெறாத ஒருவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டு, மேல்முறையீட்டு வழிகளும் முடிந்துவிட்டால், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி, அவருடைய அளவீடுகள் அழிக்கப்பட வேண்டும். நீதிமன்றத்தின் தீர்ப்பு அளவீடுகளை வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்தை எட்டினால் மட்டுமே இவ்வழிப்பு நிகழும். ஆகவே கைதுத் தகவலைக் கொண்டு செல்லும் அதே இணைப்பு, விடுவிப்புத் தகவலையும் அதே விரைவுடன் கொண்டு செல்லுதல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

- முதல் தகவல் அறிக்கை
- மின்-நீதிமன்றங்கள் திட்டம்
- தேசிய குற்ற ஆவணக் காப்பகம்
- பிணை