யாரும் வாங்காத பேரம்

உலகத்தில் உள்ள இன்பம் அத்தனையும் தருகிறேன், பதிலுக்கு உன் ஆன்மா கடைத்தேறும் என்கிற நம்பிக்கையை மட்டும் கொடுத்துவிடு என்று ஒருவன் கேட்டால், கொடுப்பதற்கு இங்கே யாராவது இருக்கிறார்களா? டப்ளின் நகரத்துப் பாதிரியார் ஒருவர் தன் பிரசங்கத்தில் இப்படிக் கேட்டார். ஒருத்தர்கூட இல்லை என்று பதிலையும் அவரே சொன்னார். பிறகு அந்தக் கேள்வியை வைத்து நான்கு தொகுதி நீளத்துக்கு ஒரு நாவல் எழுதினார். 1820இல் வெளிவந்த அந்த நாவல் 'மெல்மாத் த வாண்டரர்'. பாதிரியாரின் பெயர் சார்லஸ் ராபர்ட் மட்டூரின்.

இன்றைக்கு 'டார்க் ஃபேன்டஸி' என்று தேடினால் வந்து விழும் புத்தகங்களுக்கெல்லாம் இதைக் கொள்ளுத் தாத்தா என்று சொல்லலாம். சாபம் வாங்கிய நாயகன், அவனிடம் மெல்ல மெல்ல மனதைக் கொடுக்கும் பெண், மடாலயம், சித்திரவதைக் கூடம், நள்ளிரவுக் கல்யாணம், எல்லாமே உண்டு. அந்தப் புத்தகங்களைப் பற்றி நாம் சொல்லும் குறையும் இதற்கு அப்படியே பொருந்தும்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா நடுவுல செம இழுவை." ஆபீஸ் பஸ்ஸில் போக வர மூன்று மாதம் இதைப் படித்தேன். சில நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடும் அளவுக்கு விறுவிறுப்பு, சில நாள் நாலாவது பக்கத்திலேயே தூக்கம். இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

மட்டூரின் 1780இல் டப்ளினில் பிறந்தவர். பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹ்யூகனாட் புராட்டஸ்டன்ட் வம்சம். அப்பாவுக்குத் தபால் துறையில் நல்ல வேலை. 1809இல் அவர்மீது கையாடல் குற்றம் சாட்டி வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் குற்றமற்றவர் என்று பிறகு தெரியவந்தாலும் குடும்பம் அதற்குள் கவிழ்ந்துவிட்டது. மட்டூரின் அப்போது டப்ளின் புனித பீட்டர் தேவாலயத்தில் உதவிப் பாதிரியார். சொற்பச் சம்பளம், பெரிய குடும்பம். டென்னிஸ் ஜாஸ்பர் மர்ஃபி என்ற புனைபெயரில் நாவல்கள் எழுதிப் பார்த்தார், பணம் வரவில்லை. அதில் முதல் நாவலைப் படித்து, குறைகளைத் தாண்டி அந்தத் திறமையை அடையாளம் கண்டவர் வால்டர் ஸ்காட்.

ஸ்காட்டும் பைரனும் கைகொடுக்க, 1816இல் மட்டூரினின் 'பெர்ட்ராம்' நாடகம் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஏறியது. நடித்தவர் எட்மண்ட் கீன், அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார். நாடகம் பெரிய வெற்றி, கையில் சுமார் 1000 பவுண்டு வந்தது. பெயர் வெளியே தெரிந்ததும் அப்போதுதான். பிறர் மனைவியைக் காதலிக்கும் கொள்ளைக்காரனை நாயகனாக்கி எழுதியவருக்குத் திருச்சபை பதவி உயர்வு தருமா? அந்தக் கதவு மூடியது. கோல்ரிட்ஜ் வேறு தன் புத்தகத்தில் அந்த நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். வந்த பணமும் கடனிலும் ஆடம்பரத்திலும் கரைந்துபோனது. உலக இன்பத்துக்காகப் பரலோக நம்பிக்கையை விற்கமாட்டீர்கள் என்று பிரசங்கம் செய்தவர், இரண்டையும் ஒரே நேரத்தில் இழந்துகொண்டிருந்தார். என் சம்பளம் சோறு போட்டிருந்தால் இப்படிக் கதை எழுத வந்திருக்கமாட்டேன் என்ற தொனியில் மெல்மாத்தின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்.

இனி கதைக்கு வருவோம். மெல்மாத் 17ஆம் நூற்றாண்டு மனிதன். சாத்தானோடு ஒப்பந்தம் போட்டுக் கூடுதலாக 150 வருட ஆயுள் வாங்குகிறான். அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, தன் விதியை வேறு யாராவது மனமுவந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் உலகத்திலேயே மிக மோசமான நிலையில் கிடப்பவர்களாகப் பார்த்துத் தேடிப் போகிறான். பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்பட்டவன், மத விசாரணைச் சிறையில் இருப்பவன், பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன். ஒவ்வொருவரிடமும் அதே பேரம். ஒருவர்கூட வாங்குவதில்லை.

நாவல் இதை நேர்கோட்டில் சொல்வதில்லை. 1816இல் அயர்லாந்தில் ஒரு கல்லூரி மாணவன் தன் பெரியப்பாவின் சாவுக்குப் போகிறான். கப்பல் உடைந்து கரை சேர்ந்த மொன்சாடா என்ற ஸ்பானியன் அவனுக்குத் தன் கதையைச் சொல்கிறான். அந்தக் கதைக்குள் ஒரு யூத முதியவர் அவனை ஒரு கையெழுத்துப் பிரதியைப் படியெடுக்கச் சொல்கிறார். அந்தப் பிரதிக்குள் ஒருவர் இன்னொருவருக்குக் கதை சொல்கிறார். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. என் தொழில் மொழியில் சொன்னால், ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்க, அது வேறொன்றை அழைக்க, ஸ்டேக் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை. மொன்சாடா மீதிக் கதையைச் சொல்லப் போகும் நேரத்தில் மெல்மாத்தே அறைக்குள் வந்து நின்றுவிடுகிறான். மொன்சாடாவின் கதை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

இந்தக் குளறுபடிக்குக் காரணம் பெரிய அழகியல் கொள்கை எதுவும் இல்லை. அன்றைய நாவல் சந்தை வாடகை நூலகங்களை நம்பி இருந்தது. அங்கே புத்தகம் பல தொகுதிகளாக வந்தால்தான் எல்லோருக்கும் லாபம். மட்டூரின் கையெழுத்துப் பிரதியைத் துண்டு துண்டாக அனுப்ப, பதிப்பாளர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். தொகுதி நிரம்ப வேண்டும், கடன்காரன் வாசலில் நிற்கிறான். இழுவை என்று நாம் சொல்லும் இடங்களில் கொஞ்சம் அடுப்பெரியாத வீட்டின் அவசரமும் இருக்கிறது.

இந்திய வாசகர் நிமிர்ந்து உட்காரும் பகுதி மூன்றாவது தொகுதியில் வருகிறது. ஹூக்ளி ஆற்று முகத்துவாரத்துக்குச் சற்றுத் தொலைவில் ஒரு தீவு. அங்கே கப்பல் விபத்தில் தப்பிய ஒரு ஸ்பானியக் குழந்தை பூக்களோடும் பறவைகளோடும் தனியாக வளர்ந்து பெண்ணாகிறாள். பெயர் இம்மாலீ. அந்தத் தீவில் முன்பு 'சீவா' என்ற கறுப்புப் பெண்தெய்வத்துக்குக் கோயில் இருந்ததாம், கழுத்தில் மண்டையோட்டு மாலையாம். ஆமாம், சிவனும் காளியும் ஒன்றாகக் குழைந்து ஒரு புதுத் தெய்வம் பிறந்துவிட்டது. மட்டூரின் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

ஆனால் இதை அவருடைய அறியாமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. 1806இல் கிளாடியஸ் புக்கானன் என்ற கம்பெனி பாதிரியார் பூரி ஜெகந்நாதர் தேரோட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதிய வர்ணனை பிரிட்டனில் பரபரப்பாகப் படிக்கப்பட்டது. தேர்ச் சக்கரத்தில் விழுந்து சாகும் பக்தர்கள் என்ற சித்திரம் ஆங்கில மனதில் ஆழப் பதிந்தது. 'ஜகர்நாட்' என்ற ஆங்கிலச் சொல்லில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1813இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது மிஷனரிகளுக்கு இந்தியாவின் கதவைத் திறந்துவிட்டதில் இப்படிப்பட்ட எழுத்துகளுக்கும் பங்கு உண்டு. மட்டூரினின் இந்தியா அந்த அலையில் ஒதுங்கிய சரக்கு.

மெல்மாத் அந்தத் தீவுக்கு வருகிறான். இம்மாலீ அதுவரை மனிதனோடு பேசியதே இல்லை. அவன் ஒரு தொலைநோக்கியைக் கொடுத்து எதிர்க்கரையைக் காட்டுகிறான்: இதோ தேர், இதோ மசூதி, இதோ சின்னதாக ஒரு கிறிஸ்தவ ஆலயம். அவள் கடைசியில் பார்த்ததைத் தேர்ந்தெடுக்கிறாள். மட்டூரினின் சபை மக்கள் இந்த இடத்தில் கைதட்டியிருப்பார்கள். ஆனால் மெல்மாத் அங்கே நிறுத்தவில்லை. அந்தக் கிறிஸ்தவர்கள் ஐரோப்பாவில் போடும் சண்டை, ஏழைகளை நடத்தும் விதம், தங்கத்துக்காகக் கிழக்கே வந்து செய்யும் அட்டூழியம் என்று வரிசையாக அவிழ்த்துவிடுகிறான். பக்கம் பக்கமாக. அந்த இடம் அத்தனை கூர்மை. மட்டூரினுக்கே பயம் வந்து, இந்தக் கருத்துகள் என்னுடையவை அல்ல, சாத்தானின் கையாள் பேசுவது என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறார். பாதிரியார் மேடையில் சொல்ல முடியாததைப் பாத்திரம் சொல்லிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

கத்தோலிக்க வெறுப்பிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்தும் நாடாளுமன்றத்தில் உட்கார உரிமையற்றிருந்த நாட்டில், ஆளும் சபையின் பாதிரியார் அவர். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு வரை கத்தோலிக்கத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்தவர். நாவலில் ஸ்பானிய மத விசாரணை பெரிய பூதமாக நிற்கிறது. உண்மையில் அது 1813இல் ஒழிக்கப்பட்டு, 1814இல் மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டால் மீட்கப்பட்டு, நாவல் வெளிவந்த அதே 1820இல் புரட்சியால் மறுபடி ஒழிக்கப்பட்டிருந்தது. செத்துக்கொண்டிருந்த பாம்பைத்தான் அடித்தார். ஆனால் விருப்பமில்லாமல் மடத்தில் தள்ளப்பட்ட மொன்சாடா, ஒரே மணியோசை, ஒரே ஜெபம், ஒரே முகங்கள் என்று நாள் நாளாக உள்ளே நொறுங்குவதை எழுதும்போது மதச் சண்டை மறந்துபோகிறது. பெற்றோர் தங்கள் பாவத்துக்குப் பிள்ளையைப் பரிகாரமாகக் கொடுக்கிறார்கள். இதில் கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் எல்லாம் எங்கே வந்தது?

இந்த நாவலின் காதல் நிதானமாகத்தான் எரிகிறது. மெல்மாத் வருவான், பயமுறுத்துவான், காணாமல் போவான். இன்றைய கணக்கில் தலை முதல் கால் வரை ரெட் ஃபிளாக். ஆனால் அவளை வலையில் வீழ்த்த வந்தவன் அவளிடமிருந்தே அவளைக் காப்பாற்ற நினைத்துத் தடுமாறுகிறான். அவள் மீட்கப்பட்டு ஸ்பெயினில் குடும்பத்தோடு சேர்ந்து இசிடோரா ஆகிறாள். அங்கேயும் அவன் வருகிறான். பாழடைந்த மடத்தில் இருட்டில் கல்யாணம். நடத்திவைத்த கை பிணத்தைப்போல் சில்லிட்டிருக்கிறது.

இந்தப் பேரத்தை மற்றவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது தனிச் சுவாரசியம். பால்சாக் 1835இல் ஒரு தொடர்ச்சி எழுதினார். அதில் மெல்மாத் பாரிஸுக்கு வருகிறான், பணம் கையாடிய வங்கிக் காசாளன் உடனே பேரத்தை வாங்கிக்கொள்கிறான். அப்புறம் பங்குச் சந்தையில் அது கைமாறிக் கைமாறி விலை சரிகிறது. மெல்மாத் 150 வருடம் தேடியும் கிடைக்காத ஆள் பாரிஸில் ஒரே நாளில் கிடைத்துவிட்டான்! மட்டூரினுக்கு உறவுமுறையில் பேரனான ஆஸ்கார் வைல்ட் 1897இல் சிறையிலிருந்து வெளியே வந்ததும் செபாஸ்டியன் மெல்மாத் என்று பெயர் மாற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். எங்கும் ஏற்றுக்கொள்ளப்படாமல் அலைபவனுக்கு வேறு பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

பால்சாக்கின் கிண்டல் உலகத்தைப் பற்றிச் சரிதான். ஆனாலும் நான் மட்டூரின் பக்கம்தான் சாய்கிறேன், அதற்குக் காரணம் இசிடோராவின் முடிவு. மத விசாரணைச் சிறையில் கிடக்கிறாள், குழந்தை இறந்துவிடுகிறது. மெல்மாத் வந்து விடுதலை தருவதாகச் சொல்லியும் பேரத்தை மறுத்துவிடுகிறாள். பிரசங்கத்தின் கணக்குப்படி அவள் ஜெயித்துவிட்டாள். சாகும் தருவாயில் பாதிரியார் அவளுக்குச் சொர்க்கத்தை உறுதி சொல்கிறார். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அங்கே அவனும் இருப்பானா?

அவள் ஆன்மாவை விற்கவில்லை. அவனையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மனிதனைப் பரலோகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடை பார்க்கிறாள், தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த பாதிரியார் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டுவிட்டார்.