கல்கத்தாவின் இரு மருத்துவ ஆசிரியர்கள்

மருத்துவக் கல்லூரி ஒன்றின் பெருமையை அதன் கட்டடங்களையும் அங்கே பயில்வோரின் தொகையையும் கொண்டு அளப்பது உலக வழக்கம். ஆயின், அங்கே கற்பித்த ஆசிரியர்கள் எத்தகைய பயிற்சியோடு வந்தனர், எந்நோயின் மீது தம் கருத்தைச் செலுத்தினர் என்று நோக்கினால் வேறொரு வரலாறு நமக்குப் புலனாகும். கல்கத்தாவில் வாழும் தமிழர் சியால்டா ரயில் நிலையத்தைப் பன்முறை கடந்து சென்றிருப்பர். அதற்கு அண்மையில் நிற்கும் நீலரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி, முன்னாளில் காம்பெல் மருத்துவப் பள்ளி என வழங்கியது. அங்கே வெவ்வேறு காலத்தில் பணியாற்றிய இரு ஆசிரியர்களை இன்று நினைவு கூர்வோம்.

முதல்வர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. ரயில்வே மருத்துவர் ஒருவரின் மைந்தர். அவர் முதலிற் பயின்றது மருத்துவமன்று; கணிதம். பின்பு ரசாயனத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, அதன் பின்னரே மருத்துவத்திலும் உயர் பட்டங்களைப் பெற்றார். 1905-ஆம் ஆண்டில் காம்பெல் பள்ளியில் ஆசிரியரானார்.

அக்காலத்தில் வங்காளத்தையும் அஸ்ஸாமையும் வாட்டிய கொடுநோய் காலா ஆசார் என்னும் கருங்காய்ச்சல். மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து, சிகிச்சை பெறாதோருள் பெரும்பாலோர் மாண்டனர். இந்நோய்க்கு மூலமான நுண்ணுயிரை 1903-இல் இங்கிலாந்தில் லீஷ்மனும், சென்னையில் டோனவனும் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். டோனவன் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர், பிறந்ததோ கல்கத்தாவில். இருவர் பெயரையும் அந்நுண்ணுயிர் இன்றும் தாங்கி நிற்கிறது.

நோயின் காரணம் தெரிந்தது, மருந்துதான் தெரியவில்லை. ஆன்டிமனி என்னும் உலோகம் சேர்ந்த உப்பொன்று 1915 முதல் ஊசி வழியே செலுத்தப்பட்டது. அதற்கோ நெடுநாள் சிகிச்சை வேண்டும். துன்பந்தரும் விளைவுகளும் பல. மருத்துவரால் மட்டும் இச்சிக்கலைத் தீர்த்தல் அரிது. ரசாயனமும் அறிந்தவர் தேவை. பிரம்மச்சாரியின் பழைய பயிற்சி இங்கே கைகொடுத்தது. எரிவாயுவும் நீர்க்குழாயும் மின்விளக்கும் இல்லாத ஒரு சிற்றறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், ஆன்டிமனிச் சேர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கிப் பார்த்தார். அம்முயற்சியில் விளைந்ததே யூரியா ஸ்டிபமின். எண்ணற்றோர் அதனால் உயிர் பிழைத்தனர். 1929-இல் அவர் பெயர் நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1946-இல் அவர் காலமானார்.

அடுத்தவர் சம்புநாத் தே. ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் பிறந்தவர். லண்டன் சென்று, ராய் காமெரன் என்னும் நோய்க்குறியியல் அறிஞரிடம் பயின்று, 1949-இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அங்கே அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல். உடலுறுப்பில் நீர் எவ்வாறு வந்து சேர்கிறது என்று நோக்கிப் பழகிய அக்கண்கள், தாயகம் திரும்பியதும் காலராவை நோக்கின. இஃது இயல்பே என்று நாம் கருதுகிறோம். காலராவும் குடலில் நீர் பெருகும் நோயன்றோ!

ராபர்ட் காஹ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1884-இல் இதே கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்து, அது நஞ்சொன்றைச் சுரக்கக்கூடும் என ஊகித்தார். எழுபது ஆண்டுகள் கழிந்தும் அந்நஞ்சை ஐயமற நிறுவினாரில்லை. தே கையாண்ட முறை எளியது. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, இடையே காலராக் கிருமிகளைச் செலுத்தினார். அப்பகுதி நீரால் நிறைந்து பருத்தது. இதனை 1953-இல் வெளியிட்டார். பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். 1959-இல், கிருமிகளை வடிகட்டி நீக்கிய நீரைச் செலுத்தினும் அவ்விளைவே நேர்கிறது என்று காட்டினார். கிருமி உள்ளே புகுந்து உடலெங்கும் பரவிக் கொல்வதில்லை. அது வெளியிடும் நஞ்சு குடலின் உட்சுவரைத் தாக்க, நீரும் உப்பும் வெளியேறி நோயாளி மடிகிறான் என்பது இதனால் உறுதியாயிற்று.

இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வதே உயிர் காக்கும் வழி. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமொன்றில் திலீப் மஹலனபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகச் செய்து, முப்பது விழுக்காடாக இருந்த இறப்பை நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார். இன்று நம் வீடுகளில் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குத் தாய் புகட்டுவதும் அந்நீரே.

தே 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் நோபல் நிறுவனத்தார் காலரா பற்றிய கருத்தரங்குக்கு அவரை அழைத்துச் சிறப்பித்தனர். தாய்நாட்டின் அறிவியற் கழகம் எதுவும் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்ததில்லை. 1985-இல் அவர் மறைந்தார். இது பேசித் தீராத ஒரு குறை.

இவ்விருவரிடமும் சிறந்த கருவிகள் இல்லை. வாயிலில் நோயாளிகள் இருந்தனர். முன்னர்ப் பெற்ற வேற்றுத்துறைப் பயிற்சி இருந்தது. வகுப்பு முடிந்த பின்னும் தொடர்ந்து உழைக்கும் மனம் இருந்தது. பிழைப்பை நாடி நாம் வந்து தங்கிய நகரங்களின் பழைய கட்டடங்களுக்குள்ளே இத்தகைய வரலாறுகள் உறைகின்றன. அவற்றை அறிந்து நம் மக்களுக்குச் சொல்வதும், வாழும் ஊருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.