நஷ்டஈடு கோரிய தொழிலாளரின் பணிக்குறைவு

வேலையின்போது நேர்ந்த விபத்தினாலோ தொழில்நோயினாலோ ஈட்டுத்தொகை கோரிய ஒருவர், எதிர்பார்த்த அளவிற்குப் பணியாற்றாத நிலையையும், அதனை நிர்வாகம் கையாள வேண்டிய முறையையும் குறிக்கும் தொழிற்சட்டப் பொருள். இக்குறைவு காயத்தின் விளைவாகவோ, அதனோடு சம்பந்தமற்ற அசிரத்தை, பயிற்சியின்மை முதலிய காரணங்களாலோ தோன்றலாமாதலின், மருத்துவச் சான்றையும் விபத்துக்கு முந்திய பணிப்பதிவுகளையும் கொண்டு காரணத்தை நிர்ணயிப்பதே முதற்கடன். அதனைச் செய்யாது எடுக்கும் நடவடிக்கை, நியாயமானதாயினும், பழிவாங்கலாகவே தோன்றும்.

இந்தியாவில் 1923-இல் இயற்றப்பெற்று 1924 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், பொருள்வகையில் ஈடு செய்ததேயன்றி வேலைக்குப் பாதுகாப்பளிக்கவில்லை. அப்பெருங்குறையை ஓரளவு நீக்கிய 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், தன் 73-ஆம் பிரிவினால், தற்காலிக ஊனத்திற்கான உதவித்தொகை பெறும் காலத்தில் தொழிலாளரை நீக்குவதையும் தண்டிப்பதையும் பொதுவாக விலக்கி, அக்காலத்தில் தரப்படும் நீக்க அறிவிப்பையும் செல்லாததாக்கிற்று. அக்காலம் கடந்தபின், காயத்தோடு தொடர்பற்ற குறைபாட்டை எழுத்துமூலம் அறிவித்து, விளக்கம் கேட்டு, முறைப்படி விசாரித்து நடவடிக்கை எடுப்பதற்கு அப்பிரிவு தடையாயிருக்கவில்லை. காயத்தினால் விளைந்த குறைவாயின், ஒழுங்கு நடவடிக்கை பொருந்தாது. உடல்நிலைக்கேற்ற மாற்றுப்பணியே தக்கது. அரசு நிறுவனங்களில் பணிக்காலத்தே ஊனமுற்றவரை நீக்கலாகாதென்றும், வகித்த பணிக்கு ஏற்றவரல்லராயின் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்றவேண்டுமென்றும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது.