பிழைக்கு அஞ்சாத பதிப்பாசிரியர்

“இன்னுஞ் சிறிது படித்துக்கொண்டு தொடங்குவோம்” என்று நல்ல காரியங்களைத் தள்ளிவைப்பது மாணவராகிய எங்களுக்குக் கைவந்த கலை. இக்கட்டுரையும் மும்முறை தவணை கேட்டு எழுதப்பட்டதே என்பதை இம்மலராசிரியர் அறிவார். அவ்வழக்கத்திற்கு ஆளாகாத ஒருவரைப்பற்றி இங்கே சிறிது சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். 20 வயதைக் கடந்த புதிதில், 1853இல், நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதலாவது பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய இருவருள் அவரும் ஒருவர். மற்றவரான விசுவநாதபிள்ளையும் நம் நாட்டவரே.

சீவனத்துக்கு அவர் பார்த்தது சென்னை அரசாங்கக் கணக்கு உத்தியோகம். பகலெல்லாம் வரவு செலவு; எஞ்சிய பொழுதிலே ஏட்டுச்சுவடி. செல்லும் பூச்சியும் தின்றதுபோக மிஞ்சிய ஓலைகள் அவை. மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது, எகரம் ஏகாரம் என்ற வேற்றுமை தெரியாது. ஒரு பிரதியில் உள்ளது மற்றொன்றில் இராது. சூத்திரம் எது, உரை எது, உரைகாரர் காட்டிய மேற்கோள் எது என்று பிரித்தறிவதே பெரும்பாடு.

இவ்வேலைக்குத் தக்க வித்துவான்கள் அக்காலத்தில் இல்லாமலில்லை. பிழை நேரின் தம் பெயர் கெடுமேயென்று அவர்கள் ஒதுங்கினர் போலும். பெரும் பட்டங்களைச் சுமவாத தம்மைப் போன்றவரே இதிலே துணிந்து இறங்கவேண்டியதாயிற்று என்ற கருத்துப்படப் பிள்ளையவர்கள் தம் பதிப்புரையிற் கூறுகிறார். இதனை வெறும் அவையடக்கமென்றே முன்னர் எண்ணியிருந்தேன். இப்பொழுது அப்படித் தோன்றவில்லை. காக்கவேண்டிய பட்டம் ஒன்றும் தன்னிடம் இல்லையென்று உணர்ந்தவனுக்கு வேலைசெய்ய எத்துணைச் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது!

1882இல், 50 வயதளவில், உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றார். நம்மவர் சாய்மனைக் கதிரையைத் தேடும் பருவம் அது. (பெரியோர் மன்னிப்பாராக.) அவரோ முந்திய ஆண்டில் வீரசோழியத்தை வெளியிட்டிருந்தார்; 1883இல் இறையனாரகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இற் கலித்தொகை, 1889இற் சூளாமணி என்று நூல்கள் தொடர்ந்தன. இதற்கிடையே புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதி வேலையும் பார்த்தார்.

பிழை நேரவில்லையா? நேர்ந்தது. 1885ஆம் ஆண்டுப் பதிப்பிலே பொருளதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையென்றே அச்சிட்டுவிட்டார். அதன் பிற்பகுதி இயல்களுக்கு அங்கே உள்ளது பேராசிரியர் உரையென்று பின்வந்த அறிஞர் நிறுவினர். அவர்கள் அதனை ஆராயப் புகுந்தபோது, புரட்டிப் பார்க்க அவர் அச்சிட்ட புத்தகம் கையில் இருந்தது.