சந்தாவால் வளர்ந்த மென்பொருள் வணிகம்

நாளிதழுக்குச் சந்தா செலுத்துதல் நாம் நன்கறிந்த வழக்கம். கணினி மென்பொருளும் அவ்வழியே வணிகமான வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது.

முன்னாளில் நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்தே மென்பொருளை வாங்கின. அது பயன்படாவிடின் இழப்பு வாங்கியவருக்கே. 1999-இல் மார்க் பெனியாஃப் மூவரோடு கூடி, சான் பிரான்சிஸ்கோ நகரில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விற்பனைப் பணிக்குரிய மென்பொருளை இணையவழி அளித்து, ஆள்கணக்கில் மாதக் கட்டணம் பெறுவதே அவர்தம் திட்டம்.

ஆயின் செலவு முன்னே வந்தது. வருவாயோ திங்கள்தோறும் துளித்துளியாகவே சேர்ந்தது. 2000-இல் இணைய நிறுவனப் பங்குகள் சரியவே, நெருக்கடி முற்றியது. ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகவே பெறும் ஒப்பந்தங்கள் கைகொடுத்தன. 2004-இல் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

வாங்குவோர் சுமந்த இடர் விற்போர் தோளுக்கு மாறியதே இதன் சிறப்பு. மனநிறைவின்றேல் சந்தாதாரர் விலகுவர். விற்றபின் ஓய்ந்திருத்தல் இங்கு இயலாது.