மாவட்ட அட்டர்னி (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்காவில் ஒரு கவுண்டியிலோ நீதித்துறை மாவட்டத்திலோ குற்ற வழக்குகளை அரசின் சார்பில் நடத்தும் தலைமை வழக்கறிஞர், மாவட்ட அட்டர்னி எனப்படுகிறார். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் இவருக்கு மாநில அட்டர்னி என்று பெயர். பெரும்பாலான மாநிலங்களில் மக்களே வாக்களித்து இவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதனால் பெருநகரங்களில் குற்றம் கூடினாலும் குறைந்தாலும் பழியும் புகழும் முதலில் இவரையே சேர்கின்றன.

தோற்றம்

தொடக்கத்தில் அரசு வழக்கறிஞர்கள் நியமனம் பெற்றே பதவிக்கு வந்தார்கள். 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் புதிய அரசியலமைப்பின் வழியாக இப்பதவிக்குத் தேர்தலை முதன்முதலில் கொண்டுவந்தது. உள்நாட்டுப் போர் தொடங்குவதற்குள் பெரும்பாலான மாநிலங்கள் அதே வழிக்கு வந்துவிட்டன. இன்றும் நியமன முறையை வைத்திருப்பவை அலாஸ்கா, கனெடிகட், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களே.

தேர்தல் வந்ததும் பதவி அரசியல் ஏணியாயிற்று. நியூயார்க்கில் தாதா லக்கி லூசியானோவுக்கு 1936இல் தண்டனை வாங்கித் தந்த தாமஸ் டூயி, மறு ஆண்டே மன்ஹாட்டன் மாவட்ட அட்டர்னியாகத் தேர்வானார். பின்னர் ஆளுநராகி, 1944, 1948 அதிபர் தேர்தல்களில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார்.

அதிகாரம்

கைது செய்வது காவல்துறை. வழக்குப் போடுவதா வேண்டாமா, எந்தப் பிரிவில் போடுவது, ஜாமீனை எதிர்ப்பதா, எவ்வளவு தண்டனை கேட்பது என்பவற்றை முடிவுசெய்வது அட்டர்னி அலுவலகம். மாநில நீதிமன்றங்களில் விதிக்கப்படும் தண்டனைகளில் ஏறக்குறைய 94 விழுக்காடு, விசாரணையே நடக்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தால் வருபவை என 2012இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

இந்தப் பேரத்தின் வலிமையைக் கென்டக்கி வழக்கு ஒன்று காட்டுகிறது. 88 டாலர் 30 சென்ட்டுக்குப் போலிக் காசோலை கொடுத்ததாக ஒருவர் மாட்டிக்கொண்டார். ஒப்புக்கொண்டால் 5 ஆண்டுச் சிறைக்குப் பரிந்துரைப்பதாகவும், மறுத்தால் பழங்குற்றவாளிகளுக்கான சட்டத்தில் வழக்குத் தொடர்வதாகவும் அரசு வழக்கறிஞர் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தார், ஆயுள் தண்டனை கிடைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம், 5க்கு 4 என்ற கணக்கில், அரசு வழக்கறிஞர் செய்தது செல்லும் என்றது.

கடுமைக் காலம்

1960களிலிருந்து நகரங்களில் வன்முறை பெருகியது. நியூயார்க்கில் 1990இல் மட்டும் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. சிறு ஒழுங்கீனத்தை விட்டுவைத்தால் பெருங்குற்றம் வரும் என்று ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெலிங்கும் 1982இல் முன்வைத்த 'உடைந்த ஜன்னல்' கருத்து, 1994இல் மேயர் ரூடி ஜூலியானி, காவல் ஆணையர் வில்லியம் பிராட்டன் ஆகியோரின் கொள்கையாயிற்று. அதே ஆண்டு கலிபோர்னியா, மூன்றாம் முறை கடுங்குற்றத்தில் சிக்கினால் 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்று சட்டம் இயற்றியது.

கொலைகள் குறைந்தன, 2017இல் நியூயார்க்கில் 300க்கும் கீழே வந்தன. ஆனால் வேறு வகைக் காவல் முறையைக் கையாண்ட சான் டியகோவிலும் 1990களில் குற்றம் பெரிதும் சரிந்தது. மறுபுறம், 2008 அளவில் நாட்டின் சிறைகளில் 23 லட்சம் பேர் அடைபட்டிருந்தனர். தெருவில் நிறுத்திச் சோதிக்கும் நியூயார்க் காவல்துறையின் நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் சோதனைகள் வெகுவாகக் குறைந்தும் குற்றம் பெருகவில்லை.

சீர்திருத்த அலை

2004இல் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அட்டர்னியான கமலா ஹாரிஸ், சென்னையைச் சேர்ந்த சியாமளா கோபாலனின் மகள். பதவியேற்ற சில மாதங்களில், காவலர் ஒருவரைச் சுட்டுக்கொன்றவருக்கு மரண தண்டனை கேட்க மறுத்தார். காவலரின் இறுதிச் சடங்கிலேயே செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் மரண தண்டனை வேண்டுமென்று பேசினார். டல்லஸில் கிரெய்க் வாட்கின்ஸ், பழைய தண்டனைகளை மறு ஆய்வு செய்ய 2007இல் தனிப் பிரிவு தொடங்கினார்.

சிகாகோவில் லக்வான் மெக்டொனால்ட் என்ற இளைஞரைக் காவலர் சுட்டுக்கொன்ற வழக்கில் காட்டிய தாமதம், 2016இல் அப்போதைய மாநில அட்டர்னி அனிடா அல்வாரெஸின் தோல்விக்கும் கிம் ஃபாக்ஸின் வெற்றிக்கும் வழிவகுத்தது. அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் லேரி கிராஸ்னர், 2018இல் பாஸ்டனில் ரேச்சல் ரோலின்ஸ், 2019இல் சான் பிரான்சிஸ்கோவில் செசா பூடின் என வெற்றிகள் தொடர்ந்தன. சிறு குற்றங்களுக்கு வழக்கைத் தவிர்ப்பதும், பண ஜாமீனைக் குறைப்பதும், காவலர் அத்துமீறலை விசாரிப்பதும் இவர்களின் பொதுவான வாக்குறுதிகள்.

எதிர்வினை

2020இல் நாடு முழுவதும் கொலைகள் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தன. கடுமையான அட்டர்னிகள் இருந்த ஊர்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் மக்களின் கோபம் கண்ணெதிரே கண்டவற்றின் மேல் பாய்ந்தது. சான் பிரான்சிஸ்கோ மருந்துக் கடைகளில் ஷாம்பூவும் பற்பசையும் பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள் போயின; ஊழியர் சாவியோடு வந்தால்தான் வாங்க முடிந்தது. 950 டாலருக்கு உட்பட்ட திருட்டைச் சிறு குற்றமாக்கியது 2014இல் மாநில மக்கள் வாக்களித்து ஏற்ற 47ஆம் முன்மொழிவு. பழி விழுந்ததோ பூடின்மேல். 2022 ஜூனில் நடந்த திரும்ப அழைப்பு வாக்கெடுப்பில் ஏறக்குறைய 55 விழுக்காட்டினர் அவரை நீக்க வாக்களித்தனர்.

புளோரிடா ஆளுநர் ரான் டிசான்டிஸ், தேர்ந்தெடுக்கப்பட்ட அட்டர்னிகள் இருவரை 2022, 2023 ஆண்டுகளில் இடைநீக்கம் செய்தார். அவர்களில் ஆர்லாண்டோவின் மோனிக் வோரல் 2024 தேர்தலில் மீண்டும் வென்றார். பென்சில்வேனியா கீழவை 2022 நவம்பரில் கிராஸ்னர்மீது பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. அது பதவிநீக்கம்வரை போகவில்லை. 2024இல் லாஸ் ஏஞ்சலஸில் மாவட்ட அட்டர்னி ஜார்ஜ் காஸ்கோன் தோற்றார்; ஓக்லாண்டில் மாவட்ட அட்டர்னி பமேலா பிரைஸ் திரும்ப அழைக்கப்பட்டார்; திருட்டு, போதைப்பொருள் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் 36ஆம் முன்மொழிவைக் கலிபோர்னியா மக்கள் பெருவாரியாக ஏற்றனர்.

மதிப்பீடு

பாஸ்டன் பகுதி வழக்குகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, வன்முறையற்ற சிறு குற்றங்களில் வழக்குத் தொடரப்படாதவர்கள் மறுபடி குற்றத்தில் சிக்குவது குறைவு என்று கண்டது. பிலடெல்பியாவில் வழக்குகளைக் குறைத்ததால் கொலைகள் கூடின என்று வாதிட்ட ஆய்வும் உண்டு. அதன் முறை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2020களின் தொடக்கத்தில் நாட்டில் நடந்த கொலைகளில் ஏறக்குறைய பாதியில் மட்டுமே காவல்துறை ஆளைக் கண்டுபிடித்தது என்பதால், மீதி வழக்குகள் அட்டர்னியின் மேசைக்கே வரவில்லை.

ஆகவே குற்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் அட்டர்னியை அளப்பது பொருந்தாது. பிலடெல்பியாவில் 2021இல் 562 பேர் கொல்லப்பட்டனர். அந்நகர வரலாற்றிலேயே அதுதான் மிக அதிகம். 2024இல் அது 300க்கும் கீழே இறங்கியது. இரண்டு ஆண்டுகளிலும் அங்கே மாவட்ட அட்டர்னி லேரி கிராஸ்னர்தான். 2025 நவம்பரில் மக்கள் அவரை மூன்றாம் முறையாகத் தேர்ந்தெடுத்தனர்.